ராசாவுக்கு இல்லாத பாய்ச்சல்

1

கல்முனை நீர்ப்பாசனக் கந்தோரில் எனக்குக் கிடைத்த உத்தியோகம் கணக்கர். பின்னேரங்களில் பார்த்த உத்தியோகம் மெஷின்.

ஐம்பதுகளில் எங்கள் பக்கத்தில் கம்ப்யூட்டரைக் கண்ணால் கண்டவர் எஞ்சினியர் ஹனீபா சேர் ஒருவர்தான். சாய்ந்தமருதுக்காரர். பயிற்சிக்குச் சீமை போன இடத்தில் அதைப் பார்த்துவிட்டு வந்தவருக்கு, அதன்பிறகு வாய்க்காலும் மதகும் கசந்துபோயின. அங்கே ஒரு பேராசிரியர் வாக்குக் கொடுத்திருந்தாராம்: மெஷின் செஸ் ஆடுவதற்கான கட்டளைகளை எழுதி, அவற்றின்படி ஒரு நல்ல ஆட்டக்காரரை வென்று காட்டினால், மெஷினோடு வேலை தருவதாக. சேருக்கு இருந்தது அந்த ஒரே வழி.

மெஷின் இல்லாத ஊரில் அதன் இடத்தில் என்னை உட்காரவைத்தார்.

"தம்பி, நீங்க யோசிக்கப்படாது. தாள்ல இரிக்கிறத மட்டும் செய்யணும்."

"அதுக்குத்தானே சேர் கவர்மெண்டு சம்பளம் தருது" என்றேன். சிரித்தார். அவர் சிரித்து நான் பார்த்தது குறைவு.

2

கட்டளைகள் இரண்டு வகை. ஒன்று ஆழம்: நாங்கள் இப்படி நகர்த்தினால் எதிராளி எப்படி நகர்த்துவார் என்று கிளை கிளையாகப் போய்ப் பார்ப்பது. மற்றது நிலை: போய் நிற்கிற இடத்தில் பலகை நல்லதா கெட்டதா என்று புள்ளி போடுவது. யானைக்குப் பாதை திறந்திருந்தால் இத்தனை, காலாட்கள் ஒன்றையொன்று காத்தால் இத்தனை.

கையால் கணக்குப் பார்த்தால் எங்கள் நகர்வு, அவர் பதில், அவ்வளவுதான் ஆழம். அதற்கே பின்னேரம் அசர் தொழுதுவிட்டு உட்கார்ந்து, பொழுதுபட மஃரிப் பாங்கு கேட்கும்வரை பார்த்தால், ஒரு நகர்வுக்கு இரண்டு மூன்று நாள் பிடிக்கும். இன்னும் ஒரு படி போனால் ஒரு நகர்வுக்கு மாதக்கணக்காகும். அதனால் சேர் தனக்குத் தெரிந்த அத்தனையையும் நிலைப் புள்ளிக்குள் போட்டார்.

3

எதிரே ஆடியவர், நல்ல ஆட்டக்காரர் என்று ஊரில் பேரெடுத்த மெதடிஸ்த பள்ளிக்கூடத்துக் கணக்கு வாத்தியார் சாமுவேல் மாஸ்டர். சீமை விதிப்படி ஆட்டம். தொடக்கத்தில் எங்கள் கைதான் ஓங்கியது. பிறகு அவருடைய ராணியும் யானையும் நடுவால் புகுந்தன. எங்கள் ராசா நின்ற இடத்திலேயே மாட்டிக்கொண்டு செத்தார்.

"ஏன் சேர், உங்கட ராசா கடைசிவரைக்கும் நடுவுலயே நிண்டவர்? கோட்டை கட்டி மூலைக்குப் போயிருக்கலாமே?" என்று மாஸ்டர் கேட்டார்.

சேர் தாளை வாங்கிப் பார்த்தார். அசையாத ராசாவுக்கு அதிகப் புள்ளி என்று எழுதியிருந்தது. எங்கள் ஊர் ஆட்டத்தில், செக் வாங்காத ராசா ஒரேயொரு தரம் குதிரைபோலப் பாயலாம். அந்தப் பாய்ச்சலுக்காக ராசாவை அசைக்காமல் வைத்திருப்போம். சீமை ஆட்டத்தில் அந்தப் பாய்ச்சல் இல்லை. அந்தப் புள்ளியை நாள்தோறும் கூட்டிய எனக்கும் பிழை தெரியவில்லை. நானும் அதே ஆட்டம் ஆடி வளர்ந்தவன்தானே.

"வாப்பா படிப்பிச்ச ஆட்டம். நான் எழுதல்ல மனே, என்ட கை எழுதியிரிக்கு" என்றார் சேர் என்னைப் பார்த்து.

"திருத்திப்போட்டு இன்னொருக்கா ஆடுவம் சேர்" என்றேன்.

"இது ஒண்டு தெரிஞ்சிட்டு. தெரியாம இன்னும் எத்தன இரிக்கோ? ஆழமாப் போய்ப் பார்த்தா அதுகளும் வெளிய வரும். அதுக்கு மெஷின் வேணும். மெஷினுக்குப் போறத்துக்கு இந்தத் தாள் சரியா இரிக்கணும்."

நான் காய்களைப் பொறுக்கிப் பெட்டிக்குள் போட்டேன்.

இப்போது கணக்கு எழுதும் பிள்ளைகளுக்கு நான் சொல்வது இதுதான்: உங்களுக்கு நன்றாகத் தெரிந்ததை, உங்களைப் போலவே வளர்ந்தவனிடம் சரிபார்க்கக் கொடுக்காதீர்கள். ஹனீபா சேருக்கு இது உதவவில்லை. அடுத்த நாள் காலை பலகை அலுமாரிக்குள் போய்விட்டது.

"தம்பி, மாவடிப்பள்ளி வாய்க்கால் தண்ணி மட்டக் கணக்கு வந்திட்டா?"

"ஓம் சேர்."

பென்சன் எடுக்கும்வரை அவர் காலையில் என்னிடம் கேட்டது அது ஒன்றைத்தான்.