சட்டைப்பையில் இருந்த பின்

என் வீட்டுக்காரர் தன் மூன்று சக்கர மோட்டார் பைக்கை எந்த மெக்கானிக்கையும் தொடவிடமாட்டார். ஆறு வருஷத்துக்கு முன் அவருடைய பழைய பைக்கின் பின்சக்கரம் ஓடும்போதே கழன்று, வலது கால் முழங்காலோடு போனது. அதற்கு இரண்டு நாள் முன்புதான் தெருமுனை மெக்கானிக் அந்தச் சக்கரத்தைக் கழற்றி மாட்டியிருந்தார். நட்டு கழலாமலிருக்கக் குறுக்கே செருகும் கம்பிப் பின்னை அவர் மாட்டவில்லை என்று இவர் ஊர் முழுக்கச் சொல்லித் தீர்த்தார். வேலையே வராமல் அந்த மனுஷன் கடையை மூடிவிட்டுப் போனார்.

இன்று இவர் வாசலில் உட்கார்ந்து தன் பைக்கின் பின்சக்கரம் ஒன்றைக் கழற்றி மாட்டினார். "அவன மாதிரி ஏனோதானோன்னு செய்யிற ஆளு நான் இல்ல" என்று வழக்கம்போல ஆரம்பித்தார். நட்டை முடுக்கி, கையைத் துடைத்துக்கொண்டு, "ஏறு, ஒரு சுத்து போய்ப் பாப்போம்" என்றார்.

நான் ஏறவில்லை.

"அந்தப் பின்ன மாட்டலீங்க."

"எல்லாம் மாட்டியாச்சு. உனக்கென்ன தெரியும்?"

"சட்டைப்பையில பாருங்க."

தடவிப் பார்த்தார். இருந்தது. "தொலைஞ்சிடக் கூடாதுன்னு போட்டேன்" என்று அசடு வழிந்தார். "நீ எப்படிக் கண்டுபிடிச்ச?"

அந்த விபத்து நடந்த அன்று காலையில், சக்கரம் ஆடுகிறதென்று இவரே நட்டைக் கழற்றி முடுக்கியதைப் பார்த்தவள் நான். ஆஸ்பத்திரியில் கொடுத்த ரத்தச் சட்டையைத் துவைத்தவளும் நான்தான். கால் போன மனுஷனிடம் எப்படிச் சொல்வதென்று ஆறு வருஷம் வாயை மூடிக்கொண்டு, அந்த மெக்கானிக்கின் பாவத்தைச் சேர்த்துக்கொண்டேன்.

"அன்னைக்கும் அங்கதாங்க இருந்துச்சு" என்றேன்.