புற்று மண்

மத்தளத்துக்கு இரண்டு பக்கம்தான் இடி. மேஸ்திரியாக இருந்த எனக்கு மூன்று பக்கம். யுத்தம் நடந்துகொண்டிருந்த காலம். ஐப்பசி மழையில் விழுப்புரத்துக்கும் திண்டிவனத்துக்கும் நடுவே ரயில் பாதையின் கரை ஓரிடத்தில் அரித்துப் போயிற்று. அதைக் கட்டும் வேலையை என் தலையில் கட்டினார்கள். எனக்கு மேலே ஒரு வெள்ளைக்கார துரை. எனக்குக் கீழே முகையூர்ப் பக்கத்து ஆட்கள் ஒரு கூட்டம். குடும்பத்தோடும் கழுதைகளோடும் வந்த தெலுங்கு மண்வேலைக்காரர்கள் இன்னொரு கூட்டம்.

துரைக்கு விசில் ஊதியதும் எல்லாரும் ஒன்றாகக் குனிய வேண்டும். முகையூர் ஆட்களோ கேப்பைக்கூழ் குடித்து ஒரு பாட்டம் பேசித் தீர்த்தால்தான் மண்வெட்டியைத் தொடுவார்கள். தெலுங்குக்காரர்கள் விடியுமுன் பள்ளத்தில் இறங்கி, வெயில் ஏறினதும் படுத்துவிடுவார்கள். துரை வரும் நேரம் பார்த்து ஒரு பக்கம் பேச்சு, ஒரு பக்கம் குறட்டை. திட்டு மட்டும் எனக்கு. தொலையட்டும், வேலை நடக்கிறதே என்று இருந்தேன்.

தெலுங்குக் கூட்டத் தலைவரின் மகளுக்கு நிறைமாதம். கரையடியில் ஒரு பனையோலைக் குடிசையில் இருந்தாள்.

"கொழந்தெ இங்கயே பொறக்கட்டும், மேஸ்திரி. அப்பறம் எங்க போவச் சொன்னாலும் போறோம்" என்று தலைவர் கேட்டுக்கொண்டார். அதற்கென்ன, வேலை இன்னும் நிறையக் கிடக்கிறது என்றேன்.

அரித்த இடத்தில் போடுகிற மண்ணெல்லாம் சரிந்துகொண்டே இருந்தது. கறையான் புற்று மண் போட்டால் கெட்டியாகப் பிடிக்கும் என்று தலைவருக்குத் தோன்றியிருக்கிறது. ஒரு நாள் விடியற்காலையில், புதரோரம் ஆளுயரம் நின்ற புற்றை வெட்டிக் கழுதைமேல் ஏற்றி, கரையில் கொட்டி மிதித்துவிட்டார்கள். நல்லது செய்வதாக நினைத்துத்தான்.

முகையூர் ஆட்கள் வந்து பார்த்தார்கள். அவர்கள் அமாவாசைக்கு அமாவாசை மேல்மலையனூர் போகிறவர்கள். அங்கே அங்காளம்மனே புற்றாக இருக்கிறாள். அவர்களுக்கு எந்தப் புற்றும் அவள்தான். மண்வெட்டிகளைக் கீழே வைத்தார்கள்.

"ஆத்தாள வெட்டிப் போட்டு அதும்மேல கழுதைய ஓட்டிக்கினு கீறாங்க. இவங்க இங்க இருக்கிற வரிக்கும் நாங்க கரையில கால வெக்க மாட்டோங்க" என்றார் அவர்களில் மூத்தவர்.

தலைவர் ஓடி வந்தார். "எங்க ஊர்லயும் புத்துக்குப் பால் ஊத்துவோம், மேஸ்திரி. மஞ்சா பூசி, குங்குமம் வச்சிருப்போம். இதுல ஒண்ணுமே இல்லியே. மண்ணுன்னு நெனச்சோம்."

அடக் கடவுளே! இரண்டு பேருமே புற்றைக் கும்பிடுகிறவர்கள். இதை யாரிடம் போய்ச் சொல்லி அழுவது? பொங்கல் வைக்கிறோம், ஆடு வெட்டுகிறோம் என்று தலைவர் கையெடுத்துக் கும்பிட்டார்.

"ஆத்தா கேட்டா செய்யலாம். கேக்கறதுக்கு ஆத்தா எங்கங்க கீறா?" என்றார் மூத்தவர். அவர் கண்ணில் நிஜமாகவே தண்ணீர். அவரைக் கோபித்துக்கொள்ளவும் எனக்கு மனம் வரவில்லை.

துரையிடம் ஓடினேன். "பூச்சி வீட்டுக்கா இவ்வளவு கலாட்டா?" என்று சிரித்தார். நிறைமாதப் பெண்ணைப் பற்றிச் சொன்னேன். பாவம் என்றார். பிறகு எந்தக் கூட்டத்தில் ஆள் அதிகம் என்று கேட்டார். முகையூர்தான் என்பது அவருக்கே தெரியும். "அப்படியானால் மற்றவர்கள் நாளைக் காலையில் போகட்டும்" என்று தொப்பியை எடுத்து மாட்டிக்கொண்டார். ரயில் ஓட வேண்டும், அவருக்கு அவ்வளவுதான். எனக்கு ஆத்திரமான ஆத்திரம். என்ன செய்ய?

திரும்பி வந்து மூத்தவரிடம் கெஞ்சினேன். "அந்தப் பொண்ணு பெத்து எழுந்திரிக்கிற வரைக்குமாவது பொறுங்களேன்."

"எங்க வூட்லயும் மருமவ புள்ளத்தாச்சியா கீறாங்க. ஆத்தா கோவம் அவளத் தொட்டுடுமோன்னுதாங்க பயமா கீது" என்றார்.

மறுநாள் காலையில் குடிசையைப் பிரித்து ஓலையைக் கழுதைமேல் கட்டினார்கள். தலைவர் என்னைப் பார்க்கவே இல்லை. அந்தப் பெண் கழுதைமேல் உட்கார முடியாமல் நடந்தே வந்தாள். என் எதிரில் நின்றாள்.

"போற ஊர்ல எது சாமி, எது மண்ணுன்னு யார கேக்கறது, மேஸ்திரி?"

கேட்டுவிட்டு, இடுப்பைப் பிடித்துக்கொண்டு அவர்களுக்குப் பின்னால் நடந்தாள்.