ஹோண்டுராஸ்காரரின் குரலாக ஒரு சீசன்

கிழக்குத் தாம்பரத்தில் எங்கள் வீட்டுக்கு அருகிலிருந்த மைதானத்தில் ஒரு கால்பந்து கிளப் பயிற்சி எடுத்துவந்தது. பெரிய கிளப் ஒன்றும் இல்லை. பல்லாவரம், குன்றத்தூர் பையன்கள் வேலைக்குப் போவதற்கு முன்னால் வந்து ஆடிவிட்டுப் போவார்கள். ஒரு வருடம் அவர்கள் ஹோண்டுராஸிலிருந்து ஒருவரை நடுக்களத்தில் ஆடக் கூட்டிவந்தார்கள். முப்பத்திரண்டு வயது. மத்திய அமெரிக்காவில் கடலோர ஊர்க்காரர். ஸ்பானிஷ் தவிர வேறு மொழி தெரியாது.

நான் காட்டாங்குளத்தூரில் படிக்கும்போது ஸ்பானிஷை விருப்பப் பாடமாக எடுத்தேன். படிப்பு முடிந்த பிறகும் விடவில்லை. அப்போது வேலை தேடிக்கொண்டிருந்தேன். கிளப்பின் செயலாளர் அப்பாவோடு காலையில் நடக்கப் போகிறவர். "சீசன் முடியற வரைக்கும் பொண்ண அனுப்புங்க சார்" என்று கேட்டார். அப்படித்தான் மொழிபெயர்ப்பாளர் ஆனேன்.

மொழிபெயர்ப்பவர் தன்னை மறந்து, பேசுகிறவராகவே பேச வேண்டும் என்று எங்கள் வகுப்பில் சொல்லியிருந்தார்கள். அதனால் முதல் நாள் கோச்சிடம் விறைப்பாக, "நான் இடது பக்கம் ஆடறேன். எனக்கு அதுதான் வசதி" என்றேன்.

கோச் என்னை மேலும் கீழும் பார்த்தார். "நீ எங்கம்மா ஆடப் போற?"

பையன்கள் சிரித்து முடிக்கவே நேரமாயிற்று. காரணத்தை ஹோண்டுராஸ்காரரிடம் சொன்னதும் அவரும் சிரித்தார். அதற்குப் பிறகு நான் 'நான்' என்றால் அவர்தான் என்று எல்லோருக்கும் பழகிவிட்டது. எனக்கும்.

அவர் நன்றாக ஆடினார். பந்து காலுக்கு வரும் முன்பே யாருக்குக் கொடுப்பது என்று தெரிந்துவைத்திருப்பார். ஞாயிற்றுக்கிழமைகளில் தாம்பரம் மார்க்கெட்டுக்குக் கூட்டிப்போவேன். வாழைக்காயைக் கையில் எடுத்து, அவர் ஊரில் அதை எப்படிப் பொரிப்பார்கள் என்று காய்காரம்மாவுக்கு விளக்குவார். நான் அதையும் 'நான்' என்றே சொல்வேன். சாயங்காலம் ஊரிலிருந்து அவர் மனைவியும் மகளும் போனில் அழைத்தால் நான் தள்ளிப்போய் நின்றுகொள்வேன். அங்கே என் வேலை இல்லை.

சீசனின் பாதியில் ஓர் ஆட்டத்தில் அவருடைய வலது முட்டி திருகிக்கொண்டது. ஸ்கேன் எடுத்தார்கள். டாக்டர் ஆங்கிலத்தில் நிதானமாகப் பேசினார். தசைநார் அறுந்திருக்கிறது, உள்ளே ஏற்கெனவே தேய்ந்திருக்கிறது, நடக்கலாம், ஓடலாம், ஆனால் இனி போட்டிகளில் ஆடுவது நடக்காது என்றார். சொல்லிவிட்டு என்னைப் பார்த்தார். ஹோண்டுராஸ்காரரும் என்னைப் பார்த்தார்.

அதுவரை அவர் என்னை ஒருநாளும் 'நீ' என்று சொன்னதில்லை. ஸ்பானிஷில் 'நீங்கள்' என்பதற்கு இருக்கும் மரியாதைச் சொல்லால்தான் பேசுவார். அன்று "நீ சொல்லு. குறைக்காம சொல்லு" என்றார்.

குறைக்காமல் சொன்னேன். டாக்டருக்கு நன்றி சொல்லச் சொன்னார். சொன்னேன். ஆட்டோவில் அவரை வீட்டுக்குக் கூட்டிவந்தேன். இறங்கும்போது மறுபடி 'நீங்கள்' ஆகிவிட்டேன்.

ஒப்பந்தம் முடியும்வரை இருப்பதாகச் சொல்லி பெஞ்சில் வந்து உட்கார்ந்தார். அடுத்த ஆட்டத்தில் ஒரு கோல் பின்தங்கியிருந்தோம். அவர் எனக்கு மட்டும் கேட்கும்படி முணுமுணுத்துக்கொண்டே இருந்தார். எனக்குப் பொறுக்கவில்லை. எழுந்து கோட்டருகே போய்க் கத்தினேன். "நடுவுல ஓடாத! பின்னால நில்லு, பந்து உன்கிட்ட வரும்!"

குன்றத்தூர்ப் பையன் திரும்பினான். "இன்னாக்கா, நீயா சொல்ற, அவரு சொல்றாரா?"

"நான் சொல்றேன்," என்றேன். அவனுக்குப் புரிந்தது. பின்னால் நின்றான். அந்த ஆட்டத்தைச் சமன் செய்தோம்.

கோச் மறுநாள் காலை தன் விசிலைக் கழற்றி அவர் கையில் கொடுத்தார். "தடுக்கிறவங்கள மட்டும் இவரு பாக்கட்டும்மா. சொல்லு." மீதி மாதங்கள் அவர் கம்பை ஊன்றிக்கொண்டு நிற்பார், நான் பக்கத்தில் நின்று கத்துவேன். தொண்டை கட்டிப்போய் வீட்டுக்கு வருவேன். வாழ்க்கையில் அவ்வளவு சந்தோஷமாக நான் இருந்ததில்லை என்று அப்போது தெரியவில்லை.

சீசன் முடிந்ததும் அவர் ஊருக்குப் போனார். நான் கிண்டியில் ஒரு அலுவலகத்தில், ஸ்பானிஷ் மின்னஞ்சல்களுக்குப் பதில் எழுதும் வேலையில் சேர்ந்தேன். அவர் அங்கே சிறுவர் அணியைப் பார்த்துக்கொண்டார், பிறகு துணைப் பயிற்சியாளர் ஆனார். மூன்றாம் வருடம் சொந்த ஊர் கிளப்புக்கே மேனேஜர். அன்று என்னை அழைத்தார்.

"இங்க எல்லாருக்கும் என் பாஷை தெரியும். ஆனா நான் சொன்னா உடனே ஓட மாட்டேங்கிறாங்க. நீங்க வந்து பக்கத்துல நின்னு கத்தணும்."

விளையாட்டாகத்தான் சொன்னார். நான் சிரித்தேன். இரண்டு நாள் அதையே நினைத்துக்கொண்டிருந்தேன். உடன் வேலை செய்யும் தோழி, "லவ்வா?" என்று கேட்டாள். இல்லை என்றேன். அது பொய்யில்லை. உண்மையென்றும் சொல்லத் தெரியவில்லை. அவரை அடைய வேண்டும் என்று நினைத்ததில்லை. அவருடைய 'நான்' மறுபடி என் வாயில் வர வேண்டும் என்றுதான் இருந்தது.

மேனேஜராக முதல் வருடம் கிளப்பைக் கீழ்ப்பிரிவுக்கு இறங்காமல் காப்பாற்றினார். அடுத்த வருடம் நான்கு ஆட்டங்கள் தொடர்ந்து தோற்றதும் அனுப்பிவிட்டார்கள். இப்போது மலையடிவாரத்தில் வேறொரு சிறிய கிளப்பில் இருக்கிறார். அவர்களின் சாயங்கால ஆட்டம் நமக்குக் காலையில். பீச் போகும் லோக்கலில் பெண்கள் பெட்டியில் உட்கார்ந்து, ஆட்டம் முடிந்து அவர் பத்திரிகையாளர்களிடம் பேசுவதைப் போனில் கேட்பேன். கோட்டு போட்டிருக்கிறார், தலை நரைத்திருக்கிறது. போன வாரம் தோற்றிருந்தார்கள். யார் மேலும் பழி போடாமல் பேசினார்.

"தப்பு என்னோடது. பசங்க நல்லாத்தான் ஆடினாங்க," என்று நான் தமிழில் முணுமுணுத்தேன்.

பக்கத்திலிருந்த அம்மாள், "என்னம்மா?" என்றாள்.

ஒன்றுமில்லை என்றேன். பரங்கிமலை தாண்டியிருந்தது. இறங்குவதற்காகக் கதவருகே போய் நின்றுகொண்டேன்.