பால் குடித்த கிடா

டொறத்தி அன்ரிக்கு மானைப் பற்றி யாரும் புத்தி சொல்லிவிட முடியாது. சொன்னவர் வாங்கிக் கட்டிக்கொண்டு போவார். மெல்பேணின் புறநகரான கிரெய்கிபர்னுக்கு வடக்கே உள்ள அந்த மான்பண்ணையை மாமனார் ஞானேந்திரன் தொடங்கினார். கணவர் எறிக் நடத்தினார். அவர் மாரடைப்பில் போன பிறகு அவளும் மகன் அனோஜும் பார்க்கிறார்கள். டிசம்பர் வந்தால், கிறிஸ்மஸ் தாத்தாவின் வண்டி மான்களென்று, பண்ணை மான்களுக்குச் சிவப்பு வாரும் மணியும் கட்டி மெல்பேண் முழுக்கக் கொண்டு திரிவார்கள். அசல் பனிநாட்டு ரெயின்டியர் ஒன்றுகூடக் கிடையாது, வெறும் மான்கள்தான். அதைப் பிள்ளைகளிடம் போய்ச் சொல்ல யாருக்கு மனம் வரும்?

மாமனார் ஒரு சட்டம் வைத்திருந்தார். போத்தல் பாலில் வளரும் ஆண்குட்டியை ஒரு வயதுக்குள் காயடித்துவிட வேண்டும். மந்தையில் வளர்ந்த கிடா ஆளைக் கண்டால் ஓடும். கையில் வளர்ந்ததற்குப் பயமே இல்லை. ஏப்ரலில் இணை தேடும் வெறி ஏறினால் மனிதனையும் போட்டிக் கிடாவென்று நினைத்துக் கொம்பால் குத்தும்.

எறிக் செத்த மாதம்தான் பஞ்சு என்ற ஆண்குட்டி தாயை இழந்தது. டொறத்தி அதைக் குசினிக்குள் வைத்துப் பால் கொடுத்தாள். அந்த நாட்களில் அவளைப் படுக்கையிலிருந்து எழுப்பியது அந்தக் குட்டியின் கத்தல் ஒன்றுதான். பிறகு அனோஜ் சட்டத்தை நினைவூட்டியபோது சீறி விழுந்தாள்.

"அது என்ர பிள்ளையடா. ஒருத்தரையும் ஒண்டும் செய்யாது."

அவளை ஒன்றும் செய்யவில்லைதான். இந்த ஏப்ரலில் அனோஜின் தொடையைக் கிழித்துப்போட்டது.

ஆஸ்பத்திரிக் கட்டிலில் அவன் அவள் முகத்தைப் பார்க்காமல் சொன்னான்: "அப்பா போனாப்பிறகு நீங்கள் அதோடதான் கதைச்சனீங்கள். எனக்குத் தெரியும் அம்மா. ஆனா அது நிக்கிற வேலிக்குள்ள நான் இனிக் கால் வைக்கமாட்டன். சொறி."

மிருகவைத்தியரும் கையை விரித்துவிட்டார். குத்தப் பழகியது இனிக் காயடித்தாலும் திருந்தாது என்றார். டொறத்தி வீட்டுக்கு வந்து ஒரு பாட்டம் அழுதாள். பிறகு அவரைத் துவக்கோடு வரச் சொன்னாள்.

வந்தவர் திகைத்து நின்றார். பஞ்சு பெட்டைகளுக்கு நடுவில் நின்றது. சுட்டால் எதில் படுமோ! அதைத் தனியே வேலியோரம் வரவைக்க ஒருத்தியால்தான் முடியும்.

வெறும் போத்தலைக் காட்டி ஏமாற்ற அவளுக்கு மனம் வரவில்லை. பாலைச் சூடாக்கி நிரப்பிக்கொண்டு போனாள்.

"பஞ்சு, வாடா ராசா."

அத்தனை பெரிய கிடா, மந்தையை விட்டுவிட்டு ஓடி வந்தது. கம்பிக்குள்ளால் மூக்கை நீட்டிச் சூப்பியைக் கவ்வியது.

"உன்னைக் கெடுத்தது நான்தானடா," என்றாள்.

பால் முடியும்வரை போத்தலைப் பிடித்திருந்தாள். பிறகு அதை மெல்ல இழுத்தெடுத்து, விலகி நின்று, வைத்தியருக்குத் தலையசைத்தாள். பஞ்சு இன்னும் கொஞ்சம் வேண்டுமென்று அவளையே பார்த்துக்கொண்டு நின்றது.