பூஜை அறையில் ஊசிமருந்து

ஆஸ்பத்திரியிலிருந்து என் பெண் வீட்டுக்கு வந்தபோது கூடவே ஓர் அட்டைப்பெட்டியும் வந்தது. உள்ளே பழுப்புக் கண்ணாடிக் குப்பிகள். ஸ்கூட்டரிலிருந்து விழுந்து தலையில் அடிபட்டவளுக்கு, மூளை தேறுவதற்கான பெப்டைட் ஊசி. பன்றியின் மூளையிலிருந்து எடுப்பது என்று டாக்டர் மறைக்காமல் சொன்னார். சிலருக்குப் பலன் தெரியும், சிலருக்குத் தெரியாது என்றும் சொன்னார். தலையாட்டிவிட்டு வந்தேன்.

மலையாள தேசத்தில், கரமனை அக்கிரஹாரத்தில் எங்கள் வீட்டுக்குள் முட்டைகூட நுழைந்ததில்லை. லீவு முடிந்து மஸ்கட்டுக்குத் திரும்பிவிட்ட கணவர், "யார்ட்டயும் சொல்லிண்டு நிக்காதே" என்றார் ஃபோனில். சொல்வதற்கு யார் இருந்தார்கள்? முதலில் பழங்களோடு வந்தவர்கள், அவள் வெறித்துப் பார்ப்பதைக் கண்டபின் வருவதில்லை.

அவள் பேசாமல் இல்லை. தண்ணீருக்கு "வெள்ளம்", சாப்பாட்டுக்கு "வேண்டா" என்று ஒற்றை ஒற்றையாக, மலையாளத்தில், வார்டு ஆயாவிடம் கேட்பதுபோல என்னிடம் கேட்டாள். என் மடி ஆசாரத்தைக் கிண்டல் செய்தே வளர்ந்த பெண். அந்தக் கிண்டல் திரும்பி வராதா என்பதுதான் என் கவலையெல்லாம்.

பெட்டியை உள்ளே வைக்க மனம் வரவில்லை. வாசலில் செருப்பு அலமாரியின் மேல் வைத்தேன். தினமும் ஊசி போட வரும் நர்ஸ் ஒருநாள் பெட்டியைத் தொட்டதுமே கத்தினாள்.

"எந்தா சேச்சி இது! மருந்து சுடுது. வெயில்லயா வைக்கறது? இனி இது போடக்கூடாது, தூக்கிக் களயணும்."

"உள்ள வைக்க முடியாது சிஸ்டர், அது வந்து..."

"பன்னின்னு எனக்கும் தெரியும். மோள் வேணுமா, ஆசாரம் வேணுமா?"

ஹால் கட்டிலில் படுத்திருந்தவள் காதில் இது விழுந்திருக்கும் என்று எனக்குத் தோன்றவே இல்லை.

புதுப் பெட்டி வாங்கினேன். ஃபிரிட்ஜிலும் வைக்கக்கூடாதாம். எங்கள் வீட்டில் வெயிலே எட்டாத இடம் பூஜை அறை மட்டும்தான். கண்ணை மூடிக்கொண்டு, சுவாமி படங்களுக்குக் கீழே வைத்தேன். மறுநாள் காலை குப்பியை எடுத்துக்கொண்டு வெளியே வந்தபோது கட்டிலிலிருந்து குரல் வந்தது.

"பன்னின்னு சொல்லாதே. வராகம்னு சொல்லும்மா. பெருமாளுக்குச் சொந்தம்னு உள்ள விட்டுடுவா."

எங்கள் வீட்டுத் தமிழ். முழுசாக. சிரித்தேன், சிரிப்பு நிற்காமல் அழுகையாகிவிட்டது. "என்னடி சொன்னே? இன்னொரு தரம் சொல்லேன்."

அவள் என்னைப் பார்த்தாள். "எந்தா?" என்றாள், மறுபடி மலையாளத்தில். பிறகு சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டாள்.

மஸ்கட்டுக்கு ஃபோன் அடித்தேன். வேலையில் இருந்தார் போலிருக்கிறது, எடுக்கவில்லை. ஊசியா, தானாகத் தேறுகிறாளா, இல்லை ஒருதரம் வந்து போனதோடு சரியா? டாக்டரிடம் கேட்டேன். பார்க்கலாம் என்றார்.

இப்போதெல்லாம் குப்பியை எடுக்கும்போது பூஜை அறைக் கதவை விரியத் திறந்து வைக்கிறேன். அவள் கண்ணில் படும்படி, மெதுவாக எடுக்கிறேன். எடுத்துவிட்டுக் கொஞ்ச நேரம் அங்கேயே நிற்கிறேன்.