இடைவேளைக்கு முன் வந்த செய்தி

பதினெட்டு வருடத்தில் ஆறு குழுக்களுக்கு உதைபந்து விளையாடினேன். அந்த ஆறில் ஒன்றில்கூட என் பெயரைச் சொல்லிக் கத்திய ஒரு மனிதன் இல்லை. நான் வலது பக்கத்துப் பின்வரிசைக்காரன். கோல் அடிப்பது என் வேலையல்ல. அடிக்க வருகிறவனுக்கு எரிச்சல் மூட்டுவதுதான் என் வேலை. அதைக் குறையில்லாமல் செய்தேன். "பரவாயில்லை, ஒழுங்கான ஆள்" என்று எல்லா இடத்திலும் சொன்னார்கள். மாப்பிள்ளை பார்க்கப் போகிறவர்கள் சொல்கிற மாதிரி.

தொடங்கியது திருகோணமலைத் துறைமுகத்தில். வெள்ளைக்காரனின் கடற்படை அப்போது இங்கேதான் இருந்தது. கப்பல் வந்து நின்றால் மாலுமிகளுக்குப் பொழுது போக வேண்டும், அவர்களோடு விளையாட ஒரு குழு வேண்டும். அந்தக் குழுவுக்காக என்னைப் பட்டறையில் சேர்த்தார்கள். அவர்கள் சப்பாத்தோடு, நாங்கள் வெறுங்காலோடு. என் இடது பெருவிரலில் இன்றைக்கும் நகம் இல்லை. அவர்கள் போனபிறகு பட்டறையில் ஆட்களைக் குறைத்தார்கள். நான் கொழும்புக்குப் போனேன்.

அந்தக் காலத்தில் பந்து உதைக்கிறவனுக்கு வேலை கிடைப்பது அப்படித்தான். கம்பனிக்கு ஒரு குழு இருக்கும், குழுவில் ஒரு இடம் காலியாகும், அந்த இடத்துக்கு ஒரு உத்தியோகம் உண்டாகும். கொழும்பில் ஒரு கம்பனி என்னை எழுதுவினைஞன் என்று எடுத்தது. மேசையும் இல்லை, கதிரையும் இல்லை. காலையில் கையெழுத்து வைத்துவிட்டு மைதானத்துக்குப் போவேன். என்னைவிட வேகமாக ஓடுகிறவன் ஒருவன் வந்ததும் அந்த உத்தியோகம் அவனுக்குப் போனது. பிறகு மட்டக்களப்பு, வடக்கே ஒரு தொழிற்சாலை, இன்னும் இரண்டு இடம். பெட்டியைக் கட்டிக் கட்டி என் மனைவிக்கு அலுத்துவிட்டது. கடைசியில் அவள் பெட்டியை அவிழ்ப்பதையே விட்டுவிட்டாள்.

நான் விளையாடிய எல்லாக் குழுக்களிலும் ஒரு வழக்கம் இருந்தது. ஆட்டம் நடக்கும்போது வீட்டுச் செய்தி மைதானத்துக்குள் போகாது. யார் வந்தாலும் பயிற்சியாளரிடம் சொல்லிவிட்டுப் போக வேண்டும், கடைசி விசில் அடித்தபிறகு அவர் உரியவனுக்குச் சொல்வார். என் மகள் பிறந்த செய்தி வந்தபோது நான் மட்டக்களப்பில் ஒரு மூலை உதையைத் தடுத்துக்கொண்டிருந்தேன். ஆட்டம் முடிந்து ஒரு மணித்தியாலம் கழித்து, அதுவும் பிளேன்ரீ குடித்துக்கொண்டே, "ஐசே, உமக்குப் பொம்பிளைப் பிள்ளை" என்றார் பயிற்சியாளர். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அந்த வழக்கத்தில் பிழை இருப்பதாக எனக்கு ஒருநாளும் தோன்றவில்லை.

முப்பத்தேழு வயதில் ஓட ஏலாமல் போய் ஊருக்குத் திரும்பினேன். நகரத்துக் கழகம் ஒன்று, "சும்மாதானே இருக்கிறீங்கள், பெடியளைப் பாருங்கோவன்" என்றது. அப்படித்தான் மாஸ்டர் ஆனேன். ஒரு விசில் வாங்கித் தந்தார்கள்.

எங்கள் குழுவில் பாதிப் பேர் நகரத்தவர்கள். மீதிப் பேர் கிண்ணியாவிலிருந்தும் மூதூரிலிருந்தும் வருவார்கள். மூதூர்க்காரருக்குக் குடாவைத் தாண்ட லோஞ்ச் என்கிற மோட்டர் படகு ஒன்றுதான் வசதி. கடைசி லோஞ்ச் ஐந்து மணிக்கு. அதை விட்டால் கிண்ணியாவால் சுற்றி, ஒன்றன்பின் ஒன்றாக நாலு தோணித்துறை தாண்டி, நடுச்சாமம் ஆகிவிடும்.

எங்கள் முன்வரிசையில் நடுவில் விளையாடியவன் மூதூர்க்காரன். கப்பலில் மூட்டை இறக்குகிற நாட்கூலி. இரண்டு பிள்ளைகள். தோள் அகலம், வாய் சின்னது. கதை மிகக் குறைவு. பந்து அவன் காலுக்கு வந்தால் மட்டும் எனக்குள் ஏதோ எழும்பி உட்காரும். நான் ஒருநாளும் விளையாடாத விளையாட்டு அது. அவனை விளையாட்டில் பிடிக்கும், மனிதனாகவும் பிடிக்கும். அதை இங்கே சொல்லிவிடுகிறேன், பிறகு சொன்னால் யாரும் நம்பமாட்டார்கள்.

எழுபதுகளின் நடுவில் ஒரு வருடம் எங்கள் கழகம் மாவட்ட இறுதியாட்டத்துக்கு வந்தது. துறைமுகத்தோடு சேர்ந்த ஒரு அரசாங்கத் திணைக்களம் புதிதாகக் குழு அமைக்கப்போகிறது, ஒரு பெரிய அதிகாரி கொழும்பிலிருந்து ஆட்டம் பார்க்க வருகிறார் என்றார்கள். பிடித்துப்போனால் நிரந்தர வேலை, ஓய்வூதியத்தோடு. அந்த வேலைக்கு வயதெல்லை உண்டு. என் ஆளுக்கு அடுத்த மாதத்தோடு அது முடிகிறது. அன்றைக்கு விட்டால் அவன் சாகும்வரை மூட்டை இறக்குவான். அது அவனுக்கும் தெரியும், எனக்கும் தெரியும், கரையில் நின்று கத்தியவர்களுக்கும் தெரியும்.

எனக்கும் ஒன்று வேண்டியிருந்தது. ஆறு குழுவில் விளையாடியும் ஒரு கோப்பையை நான் தொட்டதில்லை. மற்றவர்கள் தூக்கும்போது பக்கத்தில் நின்றதுகூட இல்லை. அந்த ஆசையை மறைத்து எழுதினால் இந்தக் கதை பொய்யாகிவிடும்.

ஆட்டம் நாலு மணிக்குத் தொடங்கியது, பாதிக்கு முப்பத்தைந்து நிமிடம். பத்தாவது நிமிடத்தில் எங்களுக்கு ஒரு கோல் விழுந்தது. அதிகாரி நிழலில் கதிரையில் இருந்தார். அவருடைய முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. பத்து நிமிடம் கழித்து என் பின்னால் ஒருவர் மூச்சு வாங்க வந்து நின்றார். என் ஆளின் தங்கையைக் கட்டியவர். நாலு மணிக்கு வந்து சேர்ந்த லோஞ்சில் வந்து இறங்கி ஓடி வந்திருக்கிறார்.

"மாஸ்டர், மச்சானுடைய வாப்பா மௌத்தாகிட்டார். மத்தியானம், லுஹருக்குக் கொஞ்சம் முந்தி. நெஞ்சைப் பிடிச்சார், அவ்வளவுதான். இண்டைக்கே பொழுதுபட, மஃரிபுக்குப் பிறகு அடக்கம். அவரைக் கூப்பிட்டு விடுங்க."

நான் அவருடைய தோளைப் பிடித்தேன். "இடைவேளையில சொல்லுறன் தம்பி. இன்னும் கால் மணித்தியாலம்தான்" என்றேன்.

அவர் என்னை நம்பினார். மூதூரில் எனக்கு அவ்வளவு மரியாதை இருந்தது. "அப்ப நான் துறைக்குப் போய் லோஞ்சைக் கொஞ்சம் பிடிச்சு வைக்கிறன். நீங்க கையோட அனுப்புங்க" என்று சொல்லிவிட்டுத் திரும்பி ஓடினார். சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு அவர் ஓடியது இன்னும் கண்ணில் நிற்கிறது.

இடைவேளை வந்தது. பெடியன்கள் புல்லில் விழுந்து தோடம்பழத் துண்டுகளை உறிஞ்சினார்கள். என் ஆள் நின்றுகொண்டே தண்ணீர் குடித்தான். அப்போது அதிகாரி எழும்பி என்னிடம் வந்தார். "உங்கட நடு ஆளை இன்னும் சரியாகப் பார்க்கயில்லை. இரண்டாம் பாதியில பார்த்துத்தான் ஒரு முடிவு எடுக்கலாம்" என்றார். போய் இருந்துவிட்டார்.

நான் என் ஆளைப் பார்த்தேன். வாயைத் திறந்தேன். "இடப்பக்கம் கொஞ்சம் கூட வா. அவங்கட பின்வரிசைக்காரன் களைச்சிட்டான்" என்றேன். "சரி மாஸ்டர்" என்றான்.

ஏன் அப்படிச் செய்தேன் என்று பலரும் கேட்டார்கள். என் மனைவி கேட்டாள், ஒருமுறை மட்டும். அந்த நேரத்தில் என் மனதில் ஓடியது இதுதான்: உடம்பு எங்கேயும் போய்விடாதே, நாளைக்குத்தானே எடுப்பார்கள். எங்கள் வீடுகளில் அப்படித்தான். கொழும்பிலிருந்து தம்பி வர வேண்டும், யாழ்ப்பாணத்திலிருந்து சித்தப்பா வர வேண்டும் என்று ஒரு நாள், இரண்டு நாள் வைத்திருப்போம். என் தகப்பனை மூன்றாம் நாள்தான் எடுத்தோம். சாவு என்றால் என் தலைக்குள் அந்தக் கணக்குத்தான் இருந்தது.

ஆனால் நான் தெரியாதவனா? வருடக்கணக்காக முஸ்லிம் ஆட்களோடு ஒரே பந்தை உதைத்தவன், ஒரே சகன் தட்டில் கை போட்டுச் சாப்பிட்டவன். கிண்ணியாவில் காலையில் கண் மூடியவரை அன்றைக்கே அடக்கியதைப் பக்கத்தில் நின்று பார்த்திருக்கிறேன். போதாததற்கு அந்த மனிதர் மஃரிபுக்குப் பிறகு என்று என் முகத்துக்கு நேரே சொன்னார். காதில் விழுந்தது. எனக்குத் தோதான கணக்கை நான் எடுத்துக்கொண்டேன். சீ, அதற்கு வேறு பெயர் வைக்க எனக்கு விருப்பமில்லை.

ஐந்து மணிக்கு லோஞ்சின் ஊதல் கேட்டது. வழக்கமாக ஒருதரம் ஊதும், புறப்படும். அன்றைக்கு ஊதிவிட்டு நின்றது. இரண்டு நிமிடத்தில் திரும்ப ஊதியது. பிறகு திரும்பவும். கரையில் நின்றவர்கள் சிரித்தார்கள். "எந்தப் பெரிய மனிசனுக்கடா காவல் நிக்கிறான்?" என்றான் ஒருவன். மைதானத்துக்குள் என் ஆளும் ஒருதரம் துறைப்பக்கம் திரும்பிப் பார்த்தான். ஆட்டம் முடிய லோஞ்ச் போய்விடும் என்பதால் நகரத்தில் தங்கிவிட்டுக் காலையில் போவதென்று வீட்டில் சொல்லிவிட்டு வந்திருந்தான். திரும்பவும் பந்துக்குள் போய்விட்டான்.

நான் ஊதலை எண்ணினேன். ஏழு தரம். பிறகு ஊதவில்லை.

அதற்குப் பிறகுதான் அவன் அடித்தான். முதல் கோல் தலையால். இரண்டாவது, மூன்று பேரை விலக்கிக்கொண்டு போய், இடது காலால். அதைப் போல ஒரு கோலை நான் இந்த ஊரில் கண்டதில்லை. அதிகாரி கதிரையை விட்டு எழும்பிக் கைதட்டினார். விசில் அடித்தது. யாரோ என் கையில் கோப்பையைத் திணித்தார்கள். பாரமாக இருந்தது. எனக்கு ஒன்றுமே தோன்றவில்லை. சந்தோசமும் இல்லை, பயமும் இல்லை. கோப்பையைப் பக்கத்தில் நின்றவனிடம் கொடுத்துவிட்டு என் ஆளைத் தனியாகக் கூப்பிட்டேன்.

"தம்பி, வாப்பா போயிட்டாராம்."

அவன் முகத்தில் இன்னும் சிரிப்பு இருந்தது. அதை எடுத்துவிட அவனுக்குக் கொஞ்ச நேரம் பிடித்தது.

"எப்ப வந்தது மாஸ்டர்?"

"இப்பதான்" என்றேன்.

அவன் சப்பாத்தைக் கழற்றிப் புல்லில் வைத்தான். குழுச் சட்டையோடு வெறுங்காலில் துறைப்பக்கம் நடந்தான். முதலில் நடந்தான், வீதிக்கு ஏறியதும் ஓடினான். அங்கே லோஞ்ச் இல்லை. மச்சான் மட்டும் இருந்திருக்கிறார், அவனை விட்டுவிட்டுப் போக மனமில்லாமல். எல்லாம் அவர் சொல்லியிருப்பார். கிண்ணியாவால் சுற்றி இரண்டு பேரும் போய்ச் சேரும்போது மண் மூடி நாலு மணித்தியாலம் ஆகிவிட்டது.

மூன்றாம் நாள் நான் மூதூருக்குப் போனேன். பெரிய திட்டு வாங்கத்தான் போனேன். அடித்திருந்தால்கூட வாங்கியிருப்பேன். பாய் விரித்தார்கள், தேத்தண்ணி தந்தார்கள். அவனுடைய உம்மா உள்ளேயிருந்து, "மாஸ்டருக்குச் சாப்பாடு போடுங்க" என்றா. அவன் என் பக்கத்தில் இருந்தான். மழை வருமா என்று கதைத்தோம். நானும் உண்மையைச் சொல்லவில்லை, அவனும் கேட்கவில்லை.

அந்த மாத முடிவுக்கு முன்னே அவனுக்குக் கடிதம் வந்தது. நிரந்தர வேலை. எனக்கும் வந்தது. திணைக்களத்துக் குழுவுக்குப் பயிற்சியாளர். ஒரே ஆட்டத்தில் இரண்டு பேருக்கும் விடிந்துவிட்டது என்று ஊரே சொன்னது.

புதிய குழுவின் முதல் ஆட்டத்தில், இடைவேளையில், அவன் நேரே என்னிடம் வந்தான். "வீட்டால ஏதும் செய்தி வந்ததோ மாஸ்டர்?" என்றான். குரலில் கோபம் இல்லை. தண்ணீர் கேட்கிற மாதிரித்தான் கேட்டான். "இல்லை" என்றேன். தலையாட்டிவிட்டுப் போனான். அடுத்த ஆட்டத்திலும் கேட்டான். அதற்கடுத்ததிலும். கண்டியில் கேட்டான், கொழும்பில் கேட்டான், கொட்டுகிற மழையில் நனைந்துகொண்டு நின்று கேட்டான். ஆறு வருடம் ஒரு இடைவேளையும் தவறவில்லை.

குழுவில் புதிதாகச் சேர்ந்த இளசுகளுக்கு இந்த விசயம் தெரியாது. அவன் கேட்டால் வெல்லுகிறோம் என்று யாரோ கண்டுபிடித்திருக்கிறார்கள். பெரியவன் கேட்கிறான், நாங்களும் கேட்போம் என்று அவர்களும் தொடங்கினார்கள். இடைவேளை வந்தால் என் முன்னால் வரிசை. "மாஸ்டர், வீட்டால ஏதும் செய்தி?" ஒருவன் கண்ணடிப்பான், ஒருவன் பொம்பிளைக் குரலில் கேட்பான். நானும் முகத்தைச் சரிப்படுத்திக்கொண்டு பதினொரு பேருக்கும் இல்லை, இல்லை என்று சொல்வேன். அவன் மட்டும் சிரிப்பதில்லை.

எண்பதாம் ஆண்டு தாண்டி ஒருநாள், அவன் விளையாட்டை விடப்போகிற வருடம், என்னால் தாங்க ஏலாமல் போய்விட்டது. வரிசையில் அவன்தான் முதலாவது. அவன் கேட்பதற்கு முன்னமே குரலைத் தாழ்த்திச் சொன்னேன்.

"தம்பி, அண்டைக்கு எனக்கு முன்னமே தெரியும். இடைவேளைக்கு முன்னமே வந்திட்டுது."

அவன் முகம் மாறவில்லை. பின்னால் நின்றவர்கள் ஒருவரை ஒருவர் தள்ளிச் சிரித்துக்கொண்டிருந்தார்கள்.

"அது தெரியும் மாஸ்டர். நான் அதைக் கேக்கல்ல" என்றான். "இண்டைக்கு ஏதும் வந்ததோ?"

"இல்லை" என்றேன்.

அவன் என் முகத்தை நன்றாகப் பார்த்துவிட்டு விலகினான். அடுத்தவன் முன்னால் வந்தான்.