அழகு நிலையத்தில் உட்கார்ந்த அக்கா

என் அக்காவின் இடது கன்னத்தில் மிளகளவு மரு ஒன்று இருந்தது. தேனியில் ஒரு ஜவுளிக்கடையில் சேலை விற்றுக்கொண்டிருந்தாள். அல்லிநகரத்தில் புதிதாகத் திறந்த அழகு நிலையத்தில் 'மரு, மச்சம் வலியின்றி நீக்கப்படும்' என்று பலகை வைத்திருந்தார்கள். யாரிடமும் சொல்லாமல் போய் உட்கார்ந்துவிட்டாள்.

அதை நடத்தும் அம்மாள் குச்சியில் ஏதோ திரவத்தைத் தொட்டு மருவில் வைத்திருக்கிறாள். அது வழிந்து தாடை வரைக்கும் ஓடியிருக்கிறது. எரியுது என்று அக்கா கத்தியதற்கு, "அப்படித்தான் இருக்கும், பொறுத்துக்க" என்றாளாம். வீட்டுக்கு வந்தபோது கன்னம் வெந்து தோல் உரிந்திருந்தது. அரசு மருத்துவமனை டாக்டர் பார்த்ததுமே ஆசிட் என்றார். தழும்பு போகாது என்றும் சொன்னார்.

நானும் அக்காவும் புகார் கொடுக்கப் போனோம். நகராட்சியில், கடைக்கு லைசென்ஸ் கொடுப்பதோடு தங்கள் வேலை முடிந்தது என்றார்கள். சுகாதார அலுவலகத்துக்குப் போனோம். அங்கிருந்தவர் நிமிர்ந்துகூடப் பார்க்காமல் கேட்டார்:

"ஊசி போட்டாகளா? குளுக்கோஸ் ஏத்துனாகளா?"

"இல்ல சார், மருந்து தடவுனாக."

"அப்ப நாங்க ஒண்ணும் செய்ய முடியாதும்மா. டாக்டர்னு போர்டு போட்டிருந்தாத்தான் போலி டாக்டர்னு பிடிக்கலாம். அவுக பியூட்டி பார்லர்னுதான போட்டிருக்காக."

டாக்டருக்குப் படிக்காதவள் ஆசிட் ஊற்றலாம், டாக்டர் என்று மட்டும் எழுதக்கூடாது. இதுதான் இவர்களுடைய சட்டம். போலீஸ் ஸ்டேஷனிலோ, "நீயாத்தானம்மா போயி உக்காந்த?" என்று திருப்பி அனுப்பினார்கள். முகம் வெந்தவளையே குற்றவாளி ஆக்கிவிட்டார்கள்.

ஜவுளிக்கடை முதலாளி, வாடிக்கையாளர்கள் முகம் சுளிக்கிறார்கள் என்று அக்காவைக் கிடங்குக்குள் மூட்டை பிரிக்க அனுப்பினார். அன்றைக்கே வேலையை விட்டாள். மறுநாள் காலை நேராக அந்த அழகு நிலையத்துக்குப் போய், வருகிறவர்கள் காத்திருக்கும் நாற்காலியில் உட்கார்ந்தாள். நானும் கூட இருந்தேன். சண்டை போடவில்லை. உள்ளே வந்த பெண்களிடம் முந்தானையை விலக்கிக் கன்னத்தைக் காட்டினாள்.

"இங்கன பண்ணுனதுதான் ஆத்தா. நல்லாப் பாத்துக்கங்க. பெறகு உங்க இஷ்டம்."

கல்யாணப் பெண் ஒருத்தி அம்மாவின் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வெளியேறினாள். கொஞ்ச நேரத்தில் போலீஸ் ஜீப் வந்து நின்றது. எங்கள் புகாரை வாங்காத அதே ஏட்டு இறங்கி வந்தார்.

"ஏம்மா, அடுத்தவுக தொழிலக் கெடுக்குற?"

"எம் மூஞ்சியக் கெடுத்தப்ப நீங்க ஏன் வரல?"

ஏட்டு வெளியே வரும்படி கையைக் காட்டினார். அக்கா வாசலுக்கு வந்து, தெருவோரம் நின்றுகொண்டாள். அடுத்த நாளும், அதற்கடுத்த நாளும் போய் நின்றாள்.

கடைசியில் அந்த அம்மாள் கடையைக் காலி செய்தாள். கம்பம் ஊரில் வேறு பெயரில் திறந்திருப்பதாகக் கேள்விப்பட்டோம். அங்கேயும் நகராட்சி லைசென்ஸ் கொடுத்திருந்தது.